புரபசரம்மாவின் இன்ஜின் விளக்கு

நான்கு எலுமிச்சம்பழங்கள் ஒரே நொடியில் லாரிச் சக்கரங்களுக்கு அடியில் நசுங்கும் சத்தம், ஈர மணலில் யாரோ வெறுங்காலோடு குதித்தது போல இருக்கும். சுலோசனா அதை முதன்முதலில் கேட்டது கல்யாணமாகி மூன்றாம் நாள் காலையில், சங்ககிரியில், புகுந்த வீட்டு வாசலில், கணவர் காளியண்ணனின் லாரி பம்பாய்க்குப் புறப்பட்டபோது. வேதியியலில் முதுகலை முடித்து, சான்றிதழின் மை காயாமல் வந்து நின்றிருந்த அவள், அந்தச் சத்தம் கேட்டதும் சிரித்துவிட்டாள், வாயைப் பொத்திக்கொள்ளாமல், பல் தெரிய, மாமனார் கொழுந்தனார் எல்லோரும் பார்க்க. அன்றிலிருந்து காளியண்ணன் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. தெருமுனை திரும்பியதும் வண்டியை நிறுத்தி, இறங்கி, அங்கே வைத்து ஏற்றிவிட்டுப் போவார். அவர் சாகும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அந்தச் சத்தம் தெருமுனையிலிருந்து மெலிசாக அடுக்களைக்கு வந்துகொண்டே இருந்தது. அவளும் அது காதில் விழாதவள் போலக் காப்பி ஆற்றிக்கொண்டே இருந்தாள். காதில் விழாதவள் போல இருப்பதற்கு ஏதாவது பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்திருந்தால் தங்கப் பதக்கத்தோடு வாங்கியிருப்பேன் என்று பின்னாளில் அவளே சொல்வாள்.

காளியண்ணன் போன பிறகு மூன்று லாரிகளில் இரண்டை விற்றுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம், சும்மா கிடந்தால் மூளை துருப்பிடிக்கும் என்றாள். உண்மையான காரணம் செங்கோடன். கிளீனராக வந்து, டிரைவராகி, முப்பத்தைந்து வருஷமாக அந்த வீட்டு லாரிகளைத் தவிர வேறு ஸ்டியரிங்கைத் தொடாத அவனுக்கு வயது ஐம்பத்தொன்பது, முழங்கால் இரண்டும் மழைக்கு முன்பே மழையைச் சொல்லும், புது முதலாளி எவரும் அவனைக் கூப்பிட்டுச் சாவி கொடுக்கப் போவதில்லை. ஆகவே லாரி இருந்தது. மற்ற லாரிகள் நெற்றியில் முருகன் துணை, அங்காளம்மன் துணை என்று எழுதிக்கொண்டு ஓடிய சாலையில், அந்த லாரி மட்டும் மஞ்சள் பெயிண்டில் ‘அறிவே துணை’ என்று எழுதிக்கொண்டு ஓடியது. எழுத வந்த பெயிண்டர் பிரஷைத் தூக்கிப் பிடித்தபடி, “அறிவுங்கறது எந்தூர்ச் சாமிங்க, புரபசரம்மா?” என்று கேட்டான். சேலத்து மகளிர் கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்திய சுலோசனா, அதற்குப் பதிலாக அரை மணி நேரம் பாடமே நடத்தினாள். கிரகணம் வந்தால் பேருந்து நிலையத்தில் நின்று எல்லோரும் பார்க்க உளுந்து வடை தின்பதும் அவள்தான். ஊர் அவளை மரியாதையோடு வேடிக்கை பார்த்தது. மூன்றாவது வடைக்கு மேல் அவளால் முடியாது என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது.

அந்த லாரியின் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. செங்கோடன் தருமபுரிப் பக்கமிருந்து போன் செய்தான்.

“அம்மா, வண்டி யோசிக்குதுங்க.”

“யோசிக்குதுன்னா?”

“மிதிச்சா உடனே எடுக்க மாட்டேங்குதுங்க. ரெண்டு மூச்சு நேரம் நிக்குது, என்னையவா மிதிச்சேங்கற மாதிரி. அப்பறமா எடுக்குது. மஞ்சளா லைட்டு வேற.”

தொப்பூர் கணவாயில், முன்னால் ஏற்றமும் பின்னால் உறுமும் டிரெய்லருமாக இருக்கும்போது இரண்டு மூச்சு எவ்வளவு நீளம் என்பதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் சிரித்துக்கொண்டே சொல்லும் விஷயங்களுக்குத்தான் அவள் எப்போதும் பயப்படுவாள். அடுத்த வியாழக்கிழமை லாரியை எஃப்.சி.க்குக் காட்டியாக வேண்டும். பதினைந்து வருஷம் ஓடிய வண்டி. விளக்கு எரிய, ஏற்றத்தில் யோசிக்க, அதைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தினால் தகுதிச் சான்று கிடைக்காது; சான்று கிடைக்காத கிழட்டு வண்டிக்கு மிச்சமிருக்கும் ஒரே ஊர் உடைப்புக் கடை. வண்டி உடைப்புக்குப் போனால் செங்கோடன் வீட்டுக்குப் போவான். வீட்டில் அவனுக்கு ஒரு கட்டிலும் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த ஒரு மகளும் மட்டும்தான்.

சனிக்கிழமை காலை வண்டி மெக்கானிக் சடையப்பனின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. சடையப்பன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். விளக்கு எரியவில்லை. பல்பு போயிருக்கும் என்று பார்த்தார். பல்பு இருக்க வேண்டிய இடத்தில் இன்ஜின் வடிவத்தில் ஒரு பொட்டுத் துளை மட்டும், பல் விழுந்த இடம் போல, சுத்தமாக இருந்தது. அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளி, பால் ஊற்ற வந்த பொன்னாயி சுலோசனாவின் கழுத்துப் பக்கம் பார்த்துவிட்டு, சொம்பை நிமிர்த்திப் பிடித்து, “புரபசரம்மா, உங்க இன்ஜின் லைட்டு எரியுதுங்க” என்றாள்.

எரிந்துகொண்டுதான் இருந்தது. இடது காரை எலும்புக்கு ஒரு விரல் கீழே, தோலுக்குள்ளிருந்து, மஞ்சளாக, ஒரு கட்டை விரல் நகம் அளவுக்கு, சின்னத் தண்ணீர்ப் பம்பு போன்ற அதே வடிவத்தில். சூடில்லை, வலியில்லை. பருத்திச் சேலையை இரண்டு மடிப்பாகப் போட்டாலும் தெரிந்தது. துண்டு போர்த்தினால் துண்டின் பூவேலைகூட அழகாகத் தெரிந்தது. சுலோசனா கண்ணாடி முன்னால் நின்று, இது ஏதாவது ஒளிரும் நுண்ணுயிரியாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்வதற்கு முன் இரண்டு மூச்சு நேரம் பிடித்தது. அதையும் அவள் கவனித்தாள்.

டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயம் முப்பது வயதுப் பெண்ணுடையது போல இருக்கிறது, விளக்கு என் துறையில் வராது, நல்ல மெக்கானிக்காகப் பாருங்கள் என்றார். அவள் நல்ல மெக்கானிக்கிடம் போனாள். சடையப்பன் வண்டியின் நோயைக் கண்டுபிடிக்கும் முறை அந்த வட்டாரம் முழுக்கப் பிரசித்தம்: நீள ஸ்குரூடிரைவரின் முனையை ஓடும் இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். அவளிடம் நெருங்கி வரக் கூச்சப்பட்டு, முழங்கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, துடைத்த ஸ்குரூடிரைவரை முழங்கை எலும்பில் வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். கண்ணைத் திறந்து, அவளைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய டயர் கம்பெனிக் காலண்டரைப் பார்த்து, “இன்ஜின் நல்லாத்தான் இருக்குதுங்க. எங்கியோ ஏர் புடிச்சிருக்குது. உள்ள இருக்கறது வெளிய வர மாட்டேங்குது. இது நம்ம கையில இல்லீங்க, டாக்டரப் பாருங்க” என்றார்.

அன்று மாலைக்குள் ஊர் அதைப் பழகிக்கொண்டது. இரண்டாம் நாள், புரபசரம்மாவுக்கு இன்ஜின் லைட்டு எரிகிறது என்பது, பக்கத்து வீட்டு ராயண்ணனுக்குச் சர்க்கரை என்பது போல ஒரு செய்தியாகிவிட்டது. மூன்றாம் நாள் அதில் செய்தியும் இல்லை. நெடுஞ்சாலை ஓரமாக அவள் நடந்தால் எதிரே வரும் லாரிகள் ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்து அணைத்தன; ‘உன் வண்டியில் ஏதோ எரிகிறது, பார்த்துக்கொள்’ என்று ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்குச் சொல்லும் மரியாதை அது; ஆந்திரா லாரி, பஞ்சாப் லாரி, எல்லா லாரியும் சொல்லிவிட்டுப் போயின, அவளும் கையைத் தூக்கித் தெரியும் தெரியும் என்று காட்டினாள். பெட்ரோல் பங்கில் அவளைக் கடந்து போகச் சொன்னார்கள், நிற்க வேண்டாம் என்றார்கள். மின்சாரம் போனபோது மளிகைக் கடைக்காரர், “அம்மா, இப்பிடி கொஞ்சம் திரும்பி நில்லுங்க” என்று சொல்லி, அவள் வெளிச்சத்தில் துவரம் பருப்பு நிறுத்தார். விளக்குப் பூச்சிகள் அவளையே சுற்றின. மாரியம்மன் கோயில் பூசாரி, உள்ளே வராத ஆளுக்கே அம்மன் விளக்கேற்றி வைத்திருக்கிறாள், வருகிறவர்களுக்கு என்ன குறை என்று உண்டியல் பக்கம் கையைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தில் போட்டோக்காரர் அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார், ஃபிளாஷ் அடிக்கிறதாம்.

விளக்கைவிடத் தொல்லை தந்தது யோசனை. எதைக் கேட்டாலும் இரண்டு மூச்சு. “காப்பியா, டீயா?” என்றால் இரண்டு மூச்சு. “நல்லா இருக்கீங்களா?” என்றால் அதற்கும் இரண்டு மூச்சு, கேட்டவர் அதற்குள் பயந்துபோய் உட்கார்ந்துவிடுவார். முப்பத்தோரு வருஷம் மாணவி கேள்வியை முடிப்பதற்குள் பதிலை முடித்தவள் அவள். சுலோசனாவுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பும் இரண்டு மூச்சு தாமதமாகவே வந்ததால், பெரும்பாலும் தவறான இடத்தில் வந்தது. சாவு வீட்டில்கூட ஒருமுறை வந்தது.

இதற்கிடையில் பட்டறையில் லாரியை அக்கக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை டீசல் ஃபில்டர் மாற்றினார்கள். வண்டி யோசித்தது. ஞாயிற்றுக்கிழமை காற்று ஃபில்டரை மாற்றி, டீசல் குழாய் முழுக்க ஏர் எடுத்தார்கள். யோசித்தது. திங்கட்கிழமை சடையப்பன் ஸ்கேனரைச் செருகினார். அது காற்றழுத்த சென்சாரைச் சொன்னது. சேலத்திலிருந்து புது சென்சார் வந்தது, மாட்டினார்கள், செங்கோடன் பைபாஸ் வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, இறங்காமலேயே தலையை ஆட்டினான். பட்டறை வரிசையில் பேச்சு கிளம்பியது.

“டிரைவர் கண்ட எடத்துல டீசல் போட்டிருப்பான்.”

“வயசாச்சு. கால் மிதிக்கறதே ரெண்டு மூச்சு கழிச்சுத்தான்.”

செங்கோடன் காதில் விழும்படியாகத்தான் சொன்னார்கள். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “ஆமாங்கண்ணா, எனக்கும் ஒரு சென்சார் மாட்டி உடுங்க” என்றான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுலோசனா பட்டறைக்குப் போனாள். சடையப்பன் லாரியின் முன் கிரில்லைத் தூக்கி நிறுத்திவிட்டு, மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒயரில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“கம்ப்யூட்டருக்குத் தப்புக் கணக்குப் போகுதுங்கம்மா. சென்சார் சரியாத்தான் சொல்லுது. நடுவுல எங்கிருந்தோ கொஞ்சூண்டு கரண்டு கூடச் சேருது. பேட்டரியக் கழட்டி வெச்சுப் பாத்தாலும் வருது, இது பேட்டரிக் கரண்டு இல்லீங்க.”

“எவ்வளவு கூட?”

“தொள்ளாயிரம் மில்லிவோல்ட்டு.”

இந்த முறை அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்படவில்லை. முப்பத்தோரு ஜூலை மாதங்களில், முதலாமாண்டு முதல் வகுப்பில், ஒரு எலுமிச்சம்பழத்தில் ஒரு செப்புக் கம்பியையும் ஒரு துத்தநாகத் தகட்டையும் குத்தி, மீட்டரை மாணவிகள் பக்கம் திருப்பி, “பாருங்கள், தொள்ளாயிரம் மில்லிவோல்ட், பழத்தில் இருப்பது பேயும் அல்ல, பூதமும் அல்ல, சிட்ரிக் அமிலம்” என்று அவள் சொல்லியிருக்கிறாள், மாணவிகள் கைதட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கிரில்லுக்குப் பின்னால், ஒயர்க் கட்டுக்கு அடியில், சென்சார் பிளக் தாங்கியில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டியவள் சுலோசனா.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நாள், செங்கோடன் ட்ரிப் முடித்து வந்து, முன்னால் போன டேங்கர் தீப்பிடித்ததையும், இவன் ஸ்டியரிங்கை ஒடித்து வாழைத் தோட்டத்துக்குள் விட்டதையும், தோட்டக்காரன் குலைக்கு நஷ்டம் கேட்டுச் சண்டை போட்டதையும், சிரித்துச் சிரித்துச் சொன்னான். புருவம் பாதி கருகியிருந்தது. அவள் காப்பி கொடுத்தாள், பர்னால் கொடுத்தாள், தோட்டக்காரன் கதைக்குச் சிரிக்கவும் சிரித்தாள். மறுநாள் விடியலில், லாரியை நிறுத்திவைக்கும் பட்டறை வரிசையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, முந்தானைக்குள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் ஒரு கரித் துண்டும் வைத்துக்கொண்டு போய், ‘அறிவே துணை’க்குக் கீழே வெளியில் கட்டக் கை வராமல், கிரில்லைத் தூக்கி உள்ளே மறைவாகக் கட்டினாள். கறுப்புக் கயிறு வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரன் கேட்பான் என்று, பழைய ஆய்வகப் பெட்டியிலிருந்த செப்புக் கம்பியால் கட்டினாள். அதன் பிறகு ஒவ்வொரு அமாவாசை விடியலிலும் பழத்தை மாற்றினாள். துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கி, செப்புக் கம்பி, நடுவே எலுமிச்சம்பழம். இதைவிடச் சரியாக ஒரு மின்கலத்தை அவள் வகுப்பிலும் செய்து காட்டியதில்லை. ஆறு வருஷம் சொட்டிய சாறு பிளக்கின் உறையைத் தின்று, இந்த மாதம் கம்பியைத் தொட்டுவிட்டது. ஒரு முதலாமாண்டு மாணவி கண்டுபிடித்திருப்பாள். ஆய்வக நோட்டில் படம்கூட வரைந்திருப்பாள்.

சடையப்பன் ஏன் கண்டுபிடிக்கவில்லை? பழம் எல்லார் கண்ணுக்கும் நேராகத்தான் தொங்கியது. ஆனால் அந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் கட்டிய திருஷ்டிக் காயை யாரும் தொடமாட்டார்கள். கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை அவிழ்த்தால், வண்டிக்கு வர இருந்ததெல்லாம் அந்தக் கைக்கு வரும். மெக்கானிக்குகள் இன்ஜினையே இறக்கி ஏற்றுவார்கள், எலுமிச்சம்பழத்தைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வார்கள். சடையப்பன் நான்கு நாளாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்.

“பழத்த…” என்று சுலோசனா ஆரம்பித்தாள். இரண்டு மூச்சு. நான்கு மூச்சு. பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்ப்பது போல இருந்தது. “…பழச்சாறு கடை எங்க இருக்கு இங்க? தாகமா இருக்கு” என்றாள். சேலைக்குள் விளக்கு, ஊதிவிட்ட கங்கு போலப் பளீரென்றது.

புதன்கிழமை விடியலில் அவள் ஒரு திட்டம் வைத்திருந்தாள். யாரும் எழுவதற்கு முன் போய், அவிழ்த்துக்கொண்டு வந்துவிட வேண்டியது. வண்டி தானாகச் சரியானது போல ஆகட்டும், அறிவியலில் அப்படி எத்தனையோ நடக்கிறது. ஆறு வருஷம் இருட்டில் போய்ப் பழகிய பாதை. ஆனால் ஆறு வருஷமும் அவள் நெஞ்சில் விளக்கு இருந்ததில்லை. வரிசையின் முதல் பட்டறை வாசலில் படுத்திருந்தவர், “யாரு வண்டி அது, ஒத்த லைட்டுல?” என்றார். அடுத்த பட்டறையில், “புரபசரம்மாங்க, வழி உடு” என்றார்கள். ஒவ்வொரு லாரியின் அடியிலிருந்தும் ஒரு தலை எழுந்து வணக்கம் சொன்னது. சடையப்பன் கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “வாங்கம்மா. டீ சொல்லட்டுங்களா?” என்றார். அவள் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்று மாலை நான்கு மணிக்குச் சடையப்பன் கையைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் பத்து மணிக்கு எஃப்.சி. பட்டறை வரிசையில் இருந்த அத்தனை பேரும், வேலை இருந்தவர்களும் இல்லாதவர்களும், அந்த லாரியைச் சுற்றி நின்றிருந்தார்கள். சடையப்பன் யாரையும் பார்க்காமல், ஆகாயத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்:

“எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கல. அத நான் தொடக் கூடாது. கட்டுனவங்க யாரோ, அவிழ்த்துட்டா நல்லா இருக்கும்.”

எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள். சுலோசனாவும் பார்த்தாள். இரண்டு மூச்சு ஆனது. மூன்று ஆனது. சொல்ல வேண்டியது மூன்றே சொற்கள்தான். நாக்கு மிதிபட்டும் எடுக்காத வண்டியாக நின்றது. மூன்றாவது வடையை விழுங்கிவிட்டுப் பேருந்து நிலையத்தில் தான் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. மாமனார் முன்னால் சிரித்த சிரிப்பு வந்தது. தெருமுனை வரை போய் இறங்கி, நாலு பழத்தைக் குனிந்து வைக்கும் காளியண்ணனின் முதுகு வந்தது. அந்த முதுகை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் வந்தது.

அப்போது செங்கோடன் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு முன்னால் வந்தான்.

“நான்தானுங்க கட்டுனேன். மறந்தே போயிட்டேன். நானே அவுத்தர்றேன்.”

கையைக் கிரில்லுக்குள் விட்டான். முழங்கால் வலியால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்லத்தான் விட்டான். அவன் கை போகப் போக, சுலோசனாவின் மனம் பழைய வகுப்பறையாகிக் கத்தியது: சிட்ரிக் அமிலம். வெறும் சிட்ரிக் அமிலம். மூலக்கூறு எடை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஒரு பழத்தை ஒரு மனிதன் அவிழ்த்தால் அந்த மனிதனுக்கு ஒன்றும் ஆகாது; இது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்; எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். அவன் விரல் பழத்தைத் தொட்டது. முதல் முறுக்கைத் திருப்பியது.

“தொடாதே!”

அமிலத்தில் தண்ணீரை ஊற்றப் போகும் மாணவியை ஆய்வகத்தின் அந்தக் கோடியிலிருந்து நிறுத்தும் குரல் அது. ஓய்வு பெற்ற பிறகு அவள் அதை எடுத்ததேயில்லை. நான்காவது பட்டறையில் யாரோ கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார்கள்.

“தொடாதே, செங்கோடா. கைய எடு. நான் கட்டுனது அது. உனக்கு ஏதாச்சும் ஆயிடும்.”

சொல்லி முடித்த பிறகுதான், கடைசியில் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒருவர் இருமினார். சடையப்பன் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அப்பாடா” என்றார். “இதுக்குத்தானுங்கம்மா அஞ்சு நாளாக் காத்துட்டு இருந்தோம்.”

“தெரியுமா உங்களுக்கு?”

“செப்புக் கம்பியில திருஷ்டி கட்டுற ஆளு இந்தச் சீமையில வேற யாருங்க இருக்கறாங்க? ஆறு வருஷமாத் தெரியும். அம்மாவாசைக்கு அம்மாவாசை நீங்க வர்ற நேரத்துக்கு நாங்க எல்லாம் போர்வைய இழுத்து மூடிக்குவோம். ஒருக்கா என்ற சம்சாரம் தெரியாம வாசல் கூட்ட வந்துட்டா, உள்ள போடின்னு அதட்டி உட்டேன்.”

“அப்ப ஏன் சொல்லல? அஞ்சு நாளா ஃபில்டரையும் சென்சாரையும் மாத்தினீங்களே!”

சடையப்பன் மறுபடியும் ஆகாயத்தைப் பார்த்தார். “எப்பிடிங்க சொல்றது? எங்க புள்ளைங்க பூராவும் உங்ககிட்டப் படிச்சதுங்க.”

அவள் செங்கோடனைப் பார்த்தாள். அவன் தன் விரல்களை முகர்ந்துகொண்டிருந்தான்.

“உனக்கும் தெரியுமா?”

“எனக்குத் தெரியாதுங்களா? நான் ஓட்டற வண்டி.” சிரித்தான். “தொப்பூர் எறக்கத்துல ஒருக்காத் தொட்டுக் கும்புட்டுக்குவேன். சாமிய இல்லீங்க. உங்களத்தான்.”

அவளே கிரில்லுக்குள் கைவிட்டு அவிழ்த்தாள். பழம் சுருங்கி, கறுத்து, ஜாதிக்காய் போல ஆகியிருந்தது. செப்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது, இவ்வளவு சின்னதா என்று இருந்தது. சடையப்பன் பிளக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது உறை போட்டு மாட்டினார். செங்கோடன் ஏறி மிதித்தான். லாரி ஒரு மூச்சுகூட யோசிக்காமல், நின்றவர்கள் விலகும்படி, முன்னால் தாவியது. அவள் நெஞ்சு விளக்கு எப்போது அணைந்தது என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னாயிதான் மறுநாள் பால் ஊற்றும்போது, “அட, ரிப்பேர் பண்ணீட்டீங்களா?” என்றாள்.

வியாழக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து, ஓட்டிப் பார்த்து, டேஷ்போர்டில் திரும்பி வந்திருந்த விளக்கு சாவியைத் திருப்பியதும் எரிந்து ஒழுங்காக அணைவதைப் பார்த்து, சான்று கொடுத்தார். கொடுத்துவிட்டு அவளைப் பார்த்து, “லைட்டோட வருவீங்கன்னு சொன்னாங்க. சட்டத்துல ஓனருக்கு எரிஞ்சா என்ன பண்றதுன்னு நேத்துப் பூரா தேடினேன்” என்றார், சற்றே ஏமாற்றமாக.

ஊரில் சிலருக்கு வருத்தம்தான். மளிகைக் கடைக்காரர் இன்வர்ட்டர் வாங்க வேண்டியதாயிற்று. நெடுஞ்சாலை லாரிகள் பழக்கத்தில் இன்னும் சில மாதங்கள் அவளுக்கு ஹெட்லைட் அடித்துவிட்டுப் போயின. அடுத்த கிரகணத்துக்கு அவள் பேருந்து நிலையத்துக்குப் போனாள், வடையும் தின்றாள். கூட்டத்திலிருந்து ஒருவர், “எலுமிச்சம்பழம் என்னாச்சுங்க, புரபசரம்மா?” என்று கேட்டார். அவள் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. அது விளக்கால் வந்த தாமதம் அல்ல, வாயில் வடை இருந்தது.

“வெளியிலயே கட்டியிருக்கேன், நெத்தியில, எல்லாரும் பாக்க. பருத்திக் கயித்துல. பருத்தி மின்சாரத்தக் கடத்தாது” என்றாள். ஊர் கைதட்டியது. இதைவிட நல்ல அறிவியலை அது கேட்டதில்லை.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் கேட்கவில்லை: செங்கோடன் விரல் முதல் முறுக்கைத் திருப்பியதே, அது அவிழ்த்த கணக்கில் சேருமா என்று. செங்கோடன் ஒவ்வொரு ட்ரிப் போகும்போதும் அவள் வாசலில் நின்றாள். இப்போது அந்த வீட்டு வாசலிலேயே நான்கு பழம் வைத்து ஏற்றினார்கள். அந்தச் சத்தத்தை அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், பிறகு உள்ளே போய்க் காப்பி ஆற்றினாள், வண்டி திரும்பி வரும்வரை அது ஆறிக்கொண்டே இருந்தது.

லாரி இன்னும் நான்கு வருஷம் ஓடியது. செங்கோடன் தன் எழுபத்தொன்றாம் வயதில், ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், சோறு தின்றுவிட்டு வீட்டுக் கட்டிலில் படுத்தவன், தூக்கத்தில் இறந்துபோனான்.